உத்திரமேரூர் காட்டும் தாய்மாமன்



காஞ்சிபுரத்திற்குத் தெற்கே அமைந்த உத்திரமேரூர், கல்வெட்டால் புகழ்பெற்ற ஊர். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், ஊர்ச்சபையார் தம் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையைப் பொறித்து வைத்தனர். குடவோலை முறை என்று பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி அது. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்ததும், தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டதும், விவரம் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலை எடுக்கச் செய்ததும் பன்முறை பேசப்பட்டுவிட்டன.

அக்கல்வெட்டில் அவ்வளவாகப் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. அது உறவுமுறைகளின் பட்டியல். வாரியம் செய்து கணக்குக் காட்டாது இருந்தவன் மீண்டும் குடவோலைக்குப் பெயர் எழுதப்பெறான் என்று விதித்த சபையார், அத்துடன் நிற்கவில்லை. அவனுடைய தந்தை, மகன், உடன்பிறந்தான், சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மாமன் மக்கள், பெண் கொடுத்த மாமனார், மைத்துனன் என ஒவ்வொருவராக எண்ணி விலக்குகின்றனர். அந்த வரிசையில் தாயோடு உடன்பிறந்தவன் இருக்கிறான். உடன்பிறந்தாளின் மக்களும் இருக்கின்றனர். மருமகன் கணக்குக் காட்டத் தவறினால் தாய்மாமனுக்கு இடமில்லை. தாய்மாமன் தவறினால் மருமகனுக்கு இடமில்லை.

சபையார் தாய்மாமனை மறவாமல் சேர்த்தது ஏன்? அவன் எத்தகையவன் என்பதை அவர்கள் தத்தம் வீடுகளிலேயே கண்டிருப்பர் என்று கொள்வதில் தவறில்லை. உடன்பிறந்தாளின் பிள்ளைக்காக எதையும் விட்டுக்கொடுப்பவன், எதையும் மூடி மறைக்கவும் துணியக்கூடும் என்று அவர்கள் அஞ்சியிருக்கலாம். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் கல்லில் எழுதி விலக்க வேண்டிய அளவுக்கு வலிமை வாய்ந்ததாக இருந்தது அந்த அன்பு. அந்தத் தாய்மாமனைப் பற்றியதே இவ்வுரை.

சொல்லில் வாழும் மாமன்

தாயுடன் பிறந்தவனை அம்மான் என்பது பழைய வழக்கு. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அச்சொல் பேச்சில் வழங்கிவருகிறது. தமிழகத்தில் மாமன், தாய்மாமன் என்னும் சொற்கள் மேலோங்கிவிட்டன. ஆயினும் அம்மான் முற்றும் மறையவில்லை. தரையோடு படரும் மூலிகைக்கு அம்மான் பச்சரிசி என்று பெயர். அம்மான் சேய் என்பது மருவி அம்மாஞ்சி ஆயிற்று என்பர். மாமன் மகனைக் குறித்த அச்சொல், பின்னர் உலகம் அறியாத அப்பாவியைக் குறிப்பதாயிற்று. உறவுப் பெயரொன்று கேலிப் பெயராக மாறியதே அந்த உறவில் கேலிக்கு இருந்த இடத்தைக் காட்டும்.

வானத்து நிலவையும் தமிழ்க் குழந்தை மாமன் என்றே அழைக்கிறது. அம்புலிமாமா என்ற பெயரில் 1947ஆம் ஆண்டு தொடங்கிய சிறுவர் இதழைப் பல தலைமுறையினர் படித்து வளர்ந்தனர். பாற்கடலில் திருமகளும் திங்களும் உடன்தோன்றியோர் ஆதலின், திருமகளின் பிள்ளைகளாகிய மக்களுக்குத் திங்கள் மாமன் முறை என்று பெரியோர் விளக்கம் கூறுவதுண்டு.

தெய்வங்களிடையேயும் இவ்வுறவு பேசப்படுகிறது. உமையின் உடன்பிறந்தான் திருமால். ஆகவே முருகன் திருமாலின் மருகன். அருணகிரிநாதர் தம் திருப்புகழில் முருகனை மருகோன் என்று அழைத்து அழைத்து மகிழ்கிறார். காஞ்சிபுரத்துக் குமரக்கோட்டத்தில் முருகனோடு திருமாலுக்கும் ஒரு சன்னதி உண்டு. அங்கே அப்பெருமாளின் திருப்பெயர் உருகும் உள்ளத்தான். மருகனின் கோயிலில் குடியிருக்கும் மாமனுக்கு அதனினும் பொருத்தமான பெயரை எவரும் சூட்டிவிட முடியாது.

இதிகாசம் காட்டும் மாமன்மார் இதற்கு மாறானவர்கள். கம்சன் உடன்பிறந்தாளின் பிள்ளைகளைக் கொன்றான். சகுனி உடன்பிறந்தாளின் பிள்ளைகள்மேல் வைத்த பற்றினாலேயே அவர்களை அழிவுக்கு இட்டுச் சென்றான். தொண்டை நாட்டுச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் விழாவின்போது நடைபெறும் பாரதக் கூத்தில் சகுனி பகடை உருட்டுவதைப் பார்க்கும் கூட்டத்தில், தன் மடியில் அக்காள் பிள்ளையை உறங்க வைத்துக்கொண்டு விடியவிடிய விழித்திருக்கும் மாமனையும் காணலாம். மேடையிலிருக்கும் மாமன் வேறு. மண்தரையில் அமர்ந்திருக்கும் மாமன் வேறு.

சிரிக்க வைக்கும் உரிமை

மானிடவியல் அறிஞர் ராட்கிளிஃப் பிரௌன் தென்னாப்பிரிக்க மக்களிடையே தாய்மாமன் பெறும் இடத்தைப் பற்றி 1924இல் ஒரு கட்டுரை எழுதினார். தந்தையிடம் அச்சமும் பணிவும் காட்டும் பிள்ளை, தாயின் உடன்பிறந்தவனிடம் உரிமையும் குறும்பும் காட்டுவதை அதில் எடுத்துரைத்தார். 1940இல் கேலி உறவுகள் பற்றியும் எழுதினார். ஆணையிடும் உறவு ஒன்று இருக்கும் வீட்டில், ஆணையிடாத உறவு ஒன்றும் தேவைப்படுகிறது என்பது அவ்வாராய்ச்சியிலிருந்து பெறத்தக்க கருத்து. அதைத் தமிழ்நாட்டுத் தாய்க்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா வீட்டில் இருக்கும்போது அடங்கியிருக்கும் பிள்ளைகள், மாமாவின் செருப்பொலி கேட்டதும் வாசலுக்கு ஓடுவதை அவள் நாளும் கண்டவள்.

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களில் வளர்ந்தவர்கள் தத்தம் மாமன்மாரைப் பற்றிக் கூறும் நினைவுகளைக் கேட்டால், அவை பெரும்பாலும் ஒரே சாயலில் இருக்கும். அறுவடை முடிந்த கையோடு சைக்கிளில் ஒரு பை வேர்க்கடலையுடன் வந்து இறங்குவார். காஞ்சிபுரம் போய் வந்தால் கையில் கோயில் இட்டிலிப் பொட்டலம் இருக்கும். திண்ணையில் அமரும் முன்பே கேலி தொடங்கிவிடும். “உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம், இப்போது தவிடு விலை ஏறிவிட்டது, திருப்பிக் கொடுத்துவிடலாமா?” என்று சின்னவளைக் கேட்பார். அவள் அழத் தொடங்கும் வேளையில் சட்டைப் பையிலிருந்து மிட்டாய் வெளிவரும்.

உடன்பிறந்தாளையும் விடமாட்டார். சாப்பிட அமர்ந்ததும், “ஏரியில் தண்ணீர் இல்லை, ஏரியில் தண்ணீர் இல்லை என்று ஊரே புலம்புகிறதே, அக்கா! அவ்வளவும் உன் குழம்பில் அல்லவா இருக்கிறது!” என்பார். அவளும் கரண்டியை ஓங்குவாள். ஆனால் அன்று இலையில் விழும் சோறு மற்ற நாளைவிட ஒரு பிடி கூடுதலாகவே இருக்கும். பிள்ளையின் மதிப்பெண் அட்டையைக் கண்டு தந்தை முகம் சிவக்கும் நேரத்தில், “கணக்கில் முப்பதா? உன் அம்மா இருபத்தெட்டுக்கு மேல் வாங்கியதே இல்லை. குடும்பம் முன்னேறுகிறது, மாப்பிள்ளை!” என்று அவர் சொல்லிவிட்டால், ஓங்கிய கை தானே இறங்கிவிடும்.

இக்கேலியில் ஓர் ஒழுங்கு உண்டு. மாமன் எளியவரை இழித்து நகைப்பதில்லை. தாம் முதலில் சிறுமைப்பட்டுக் காட்டி, அதன் பின்னரே பிறரைச் சிறுபிள்ளை ஆக்குகிறார். காதணி விழாவில் இதைக் கண்கூடாகக் காணலாம். மாமன் மடியில் அமர்ந்த குழந்தை, ஆசாரியின் கையிலுள்ள பொற்கம்பியைக் கண்டதும் மிரளும். “முதலில் என் காதைக் குத்துங்கள், ஆசாரி” என்று மாமன் காதைக் காட்டுவார். தொடுவதற்கு முன்பே ஐயோ என்று அலறுவார். குழந்தை வியந்து அவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்கு இடையில் கம்பி ஏறிவிடும். பிறகு எழும் அழுகையும் அவர் தோளில்தான் அடங்கும். வலி வரும் நேரத்தை அறிந்து சிரிக்க வைப்பவரே மாமன்.

மடியும் சீரும்

குழந்தையின் முதல் முடியிறக்கமும் காதணியும் மாமன் மடியில் நிகழ்கின்றன. குடும்ப வழக்கப்படி குலதெய்வக் கோயிலிலோ திருத்தணியிலோ திருப்பதியிலோ அது நடக்கலாம், மடி மாறுவதில்லை. பெண் பூப்பெய்தினால் பச்சை ஓலை கொண்டு குச்சு கட்டுவதும், மஞ்சள் நீராட்டுக்குச் சீர்த்தட்டு எடுத்து வருவதும் மாமன் கடமை. திருமணத்தில் மாமன் மாலைக்குத் தனியிடம் உண்டு. மொய் எழுதும்போது தாய்மாமன் மொய்யை முதலில் உரத்துக் கூறுவது பல ஊர்களில் வழக்கம். சாதிக்குச் சாதி, ஊருக்கு ஊர் சடங்குகள் வேறுபட்டாலும் மாமன் இல்லாத சடங்கு குறைவு.

1949 தொடங்கித் தமிழகத்தில் தங்கி உறவுமுறைகளை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன், இச்சீர்களின் தொடர்ச்சியை எடுத்துக்காட்டினார். பெண்ணைக் கட்டிக் கொடுத்ததோடு பிறந்தகத்தின் கொடை முடிவதில்லை. அவள் பிள்ளைகளுக்கு மாமன் செய்யும் சீராக அது அடுத்த தலைமுறைக்கும் நீள்கிறது என்பது அவர் கண்ட உண்மை. தாலாட்டுப் பாடும் தாய், கணவனைக் காட்டிலும் தன் உடன்பிறந்தவனையே மிகுதியாகப் பாடுவதன் காரணமும் இதுவே. புகுந்த வீட்டில் அவளுக்குரிய வலிமை, வாசலில் வந்து நிற்கும் அந்த ஒருவன்தான்.

அச்சீர் எளிதில் வருவதன்று. மழை பொய்த்த ஆண்டிலும் காதணி விழா நாள் குறிக்கப்படும். வட்டிக்கு வாங்கிச் சீர்த்தட்டுகளை நிரப்பிவிட்டு, வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்த மாமன்மார் பலர். அந்தச் சிரிப்பின் விலையை உடன்பிறந்தாள் அறிவாள். பிள்ளைகள் வளர்ந்தபின் அறிவர். கடனை மறைத்துச் சிரிப்பதைப் பெருமையாகக் கொண்டாடுவதைவிட, தட்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்து அவரைக் கடனின்றி வரச்செய்வதே அவர்மேல் அன்புடையோர் செய்யத்தக்கது.

சீரும் பங்கும்

இனி, இவ்வுறவில் பேசத் தயங்கும் செய்தி ஒன்றைப் பேச வேண்டும். பிறந்த வீட்டு நிலத்தில் பெண்ணுக்குப் பங்கில்லாத காலத்தில் சீர் பிறந்தது. பங்குக்கு ஈடாகப் பாசம் தரப்பட்டது என்றுகூடச் சொல்லலாம். இன்று நிலை வேறு. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டு மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான பங்கை அளித்தது. அந்நாளுக்கு முன் மணமானவர்கள் அதில் விடுபட்டனர். 2005இல் இந்தியா முழுமைக்கும் வந்த திருத்தம் அக்குறையைப் பெரிதும் நீக்கியது. அத்திருத்தம் நடைமுறைக்கு வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை, மகளின் உரிமை பிறப்பால் வருவது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவுபடுத்தியது.

சட்டம் வந்தபின்னும் சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடும் உடன்பிறந்தாள் இருக்கிறாள். சிலர் மனமுவந்து இடுகின்றனர். வேறு சிலர், கேட்டால் அண்ணன் வரவு நின்றுவிடும், பிள்ளையின் காதணிக்கு மடி இராது என்று அஞ்சி இடுகின்றனர். வேடிக்கை பேசிச் சிரிக்க வைத்துக்கொண்டே பத்திரத்தை நீட்டும் மாமனை நல்ல மாமன் என்று சொல்லலாமா? இவ்வினாவுக்குத் தமிழ் மரபே விடை வைத்திருக்கிறது.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் மாமனாக வந்து வழக்குரைத்த படலம் என்றொரு பகுதி உண்டு. மதுரை வணிகன் தனபதி பிள்ளைப்பேறு இல்லாதவன். உடன்பிறந்தாள் மகனையே தன் மகனாகக் கொண்டு வளர்த்தான். ஒருநாள் அவள் சொன்ன கடுஞ்சொல் உள்ளத்தைத் தைக்க, தன் செல்வம் யாவற்றையும் மருமகனுக்கே உரிமையாக்கிவிட்டு, மனைவியுடன் தவம் செய்யப் போய்விட்டான். அவன் போனதும் பங்காளிகள் சொத்தைக் கவர்ந்துகொண்டனர். பிள்ளையுடன் தெருவில் நின்ற தாய், சொக்கநாதர் திருமுன் அழுது முறையிட்டாள். இறைவன் தனபதியின் உருவெடுத்து வந்தான். உடன்பிறந்தாளையும் மருமகனையும் தழுவி அழுதான். அவையேறி வழக்குரைத்தான். இவன் தனபதி அல்லன் என்று பங்காளிகள் மறுத்தபோது, அவரவர் குலமும் பெயரும் பிறவும் ஒன்றுவிடாமல் எடுத்துரைத்து, சொத்தை மீட்டு மருமகனுக்கு உரிமையாக்கி மறைந்தான்.

இறைவன் எத்தனையோ வடிவில் வந்திருக்கலாம். அரசனாக வந்து ஆணையிட்டிருக்கலாம். மாமனாக வந்தான் என்று புராணம் பாடியது. உடன்பிறந்தாளின் பிள்ளைக்கு உரியதை உரிய இடத்தில் சேர்ப்பவனே மாமன் என்பது தமிழர் உள்ளத்தில் பதிந்திருந்த இலக்கணம். கோபித்துக்கொண்டு போன மாமனும் பங்கு பறிபோகும் வேளையில் வந்து நிற்பான் என்ற நம்பிக்கையே அக்கதையின் உயிர்.

கணக்குக் காட்டும் அன்பு

இந்த இடத்தில் உத்திரமேரூர்க் கல்வெட்டை மீண்டும் நோக்கலாம். அச்சபை இன்றைய பொருளில் எல்லோர்க்கும் உரிய சபை அன்று. அது அந்தணர் ஊராகிய சதுர்வேதிமங்கலத்தின் சபை. 921ஆம் ஆண்டு விதிப்படி கால்வேலிக்கு மேல் இறைநிலமும் சொந்த மனையில் வீடும் உடைய, 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்ட, மறை கற்ற ஆண்மக்களுக்கே அதில் இடமிருந்தது. பெண்டிர்க்கும் உழைக்கும் மக்களுக்கும் அங்கே குரலில்லை. அக்குறையை மறைக்க வேண்டியதில்லை.

எனினும் அவர்கள் கண்ட நெறி ஒன்று எக்காலத்துக்கும் உரியது. ஏரி வாரியத்தின் பொறுப்பில் இருந்த நீர் ஊருக்குப் பொது. அந்தப் பொதுவுடைமைக்குக் கணக்குக் காட்டாதவனை, என் மருமகன்தானே என்று மாமன் காப்பாற்ற முடியாது. என் மாமன்தானே என்று மருமகன் அந்த இடத்தில் அமர முடியாது. அன்பு வீட்டுக்குள் வாழலாம். ஊர்க் கணக்கின்மேல் ஏறி அமரலாகாது. இன்றைய பொது வாழ்வில் உறவுக்காரர் என்பதே தகுதியாகிவிடும் இடங்களை எண்ணிப் பார்ப்போர்க்கு, அச்சுவரின் எழுத்துகள் பழையனவாகத் தோன்றா.

அதே நெறியை வீட்டுக்கும் கொண்டுவரலாம். ஊருக்குக் கணக்குக் காட்டுவது போல, உடன்பிறந்தாளுக்கும் கணக்குக் காட்டும் மாமனே முழு மாமன். அப்பா விட்டுச்சென்றது இவ்வளவு, உன் பங்கு இது, வேண்டும்போது எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, அதன்பின் குழம்பில் தண்ணீர் அதிகம் என்று கேலி பேசுபவருக்கே அந்தக் கேலி முழுதும் உரியது. பங்கையும் கொடுத்துச் சீரையும் செய்ய இயலாது எனில் சீரைக் குறைக்கலாம். மடிக்கும் சிரிப்புக்கும் செலவில்லை.

மாமன் இல்லாத வீடுகள்

குடும்பங்கள் சிறுத்துவிட்டன. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைகள். ஒற்றைப் பெண்ணாகப் பிறந்தவளின் பிள்ளைக்குத் தாய்மாமன் இல்லை. இருவரும் பெண்களாகப் பிறந்த வீட்டிலும் அவ்வாறே. வரும் தலைமுறையில் பல குழந்தைகளுக்கு அம்புலி ஒன்றே மாமனாக இருக்கும்.

இதற்கும் தமிழ் உறவுமுறை முன்னரே வழி வகுத்திருக்கிறது. தாயின் சிற்றப்பன் மகனும் பெரியப்பன் மகனும் அவளுக்கு அண்ணன் தம்பியரே. அவள் பிள்ளைக்கு அவர்களும் மாமன்மாரே. ஒன்றுவிட்ட உறவு என்று கணக்கு வைத்தாலும், மடியில் குழந்தையை வாங்கும்போது எவரும் அதைச் சொல்லிக்காட்டுவதில்லை. அவர்களும் இல்லாத இடத்தில், அண்டை வீட்டுக்காரர் ஒருவர் முறை சொல்லி முன்வருவதும் சிற்றூர்களில் காணும் காட்சி. தாய்மாமன் என்பது பிறப்பால் வரும் உறவு. மனம் வைத்தால் ஏற்று நடத்தத்தக்க பொறுப்பும் ஆகும்.

பெண்ணின் வாழ்வு முடியும் நாளிலும் பிறந்த வீட்டை எதிர்பார்த்திருப்பர். அங்கிருந்து கோடிப்புடவை வந்தபின்னரே எடுப்பர். கூட்டம் விலகி வழிவிட, வெள்ளை முடியோடு ஒரு முதியவர் புடவையை ஏந்தி வருவார். வாழ்நாள் முழுதும் அவளைச் சிரிக்க வைத்தவர். அன்று அவரால் ஒரு சொல்லும் பேச முடியாது. அவர் தோளில் சாய்ந்து அழும் மருமகனுக்கும் மருமகளுக்கும் அன்றுதான் புரியும், அத்தனை ஆண்டு வேடிக்கையும் எதன்மேல் நின்றது என்பது. அந்தப் புடவையைப் போர்த்தும் கை, அவளுக்கு உரிய எதையும் மறைத்துவைக்காத கையாக இருந்துவிட்டால், உத்திரமேரூர்ச் சபையார் கேட்ட கணக்கு அந்த வீட்டில் தீர்ந்துவிட்டது எனலாம்.

அத்தகைய மாமன்மார் வாழ்ந்த ஊர்கள் இவை. அவர்களை நினைவுகூர்வது, பத்தாண்டு நிறைவு காணும் இவ்விலக்கிய வட்டத்தின் விழாவுக்குப் பொருத்தமானதே.